பொழுதுபோக்காகச் செதுக்கினாலும் கூலி உண்டு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கைவினைக் குழுவினர் பேசியது)



போன கூட்டம் முடிந்ததும் பல பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "மரத்துல செதுக்கக் கத்துக்கிட்டோம், வீட்டுல நாலு சாமான் செஞ்சு வெச்சிருக்கோம், கேக்குறவங்களுக்கு என்ன விலை சொல்றது?" இன்று அதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

நம்மில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு இல்லை. மாடு கறந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மத்தியானம் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் உளியைக் கையில் எடுக்கிறோம். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதற்காகத்தான் பாதிப்பேர் செய்கிறோம். அதில் தவறே இல்லை. ஆனால் விற்க வரும்போது இந்த நிம்மதிதான் நமக்கு எதிரியாகிவிடுகிறது. வாங்க வருகிறவர், "சும்மா இருக்கிற நேரத்துல செஞ்சதுதானேம்மா, பார்த்துக் குடுங்க" என்பார். வீட்டில் உள்ளவர்களும் அதையே சொல்வார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு மரத்துக்குக் கொடுத்த காசு வந்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறோம்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலேட்டில் எழுதுவதுபோல நிதானமாகப் போடுவோம். பொருள் பல்லாங்குழி. நம் எல்லோருக்கும் தெரிந்தது, பதினான்கு குழி. மாமரப் பலகை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உப்புத்தாள், மெழுகு 40 ரூபாய். உளி தீட்டுவதும் தேய்வதும் 20 ரூபாய். ஆக 260. இதோடு நிறுத்திவிட்டு, "300-க்குக் குடுத்தா 40 ரூபா லாபம்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம்!

இப்போது நேரத்தை எழுதுங்கள். பலகையை இழைத்து அளவு குறிக்க ஒரு மணி நேரம். ஒரு குழி குடைய 20 நிமிடம் என்றால் பதினான்கு குழிக்கு 280 நிமிடம், அதாவது 4 மணி 40 நிமிடம். உப்புத்தாள் போட 2 மணி நேரம். மெழுகு தேய்க்க 20 நிமிடம். கூட்டினால் சரியாக 8 மணி நேரம், முழுசாக ஒரு நாள் வேலை. நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். மண் வெட்டுவதற்கே அந்தக் கூலி இருக்கும்போது, கை கொஞ்சம் பிசகினாலும் பலகையே வீணாகிப்போகிற வேலைக்கு அதைவிடக் குறைவாகப் போட முடியுமா? அந்தக் கூலியையே வைத்தாலும் 260-ம் 336-ம் சேர்த்து 596 ரூபாய். இதுதான் அடக்க விலை. 300-க்குக் கொடுத்தவர் தன் கையிலிருந்து 296 ரூபாய் வைத்து வாங்குகிறவருக்குப் பல்லாங்குழி பரிசளித்திருக்கிறார்.

கடையில் வைத்து விற்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பல கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் பணம் தருவார்கள், தங்களுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். நூற்றுக்கு 25 எடுப்பதாக வையுங்கள். 596 ரூபாயோடு அதில் கால் பங்கு 149-ஐக் கூட்டி 745 போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகாது. கடைக்காரர் எடுக்கும் 25 விற்கிற விலையின் மீது. 745-ல் அவர் பங்கு 186 போனால் நமக்கு 559 தான் வரும். 800 ரூபாய் என்று எழுதினால் அவருக்கு 200, நமக்கு 600. ஆகவே விலை 800. கடையில் கொடுக்கும்போது எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் பத்து ரூபாய் சந்தாவுக்கே பதிவேடு எழுதுகிற நாம் இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

"அப்ப வீட்டுக்கே வந்து கேட்டா 600-க்குக் குடுத்துரலாமா?" என்று இங்கே ஒரு அக்கா கேட்கிறார். கொடுக்கக் கூடாது. கடையில் 800, வாசலில் 600 என்றால் கடைக்காரர் அடுத்த தடவை நம் பொருளைத் தொடமாட்டார். மேலும், கடைக்காரர் செய்கிற வேலையை வாசலில் நாம்தான் செய்கிறோம். பொருளைக் காட்டுவது, பேசுவது, கண்காட்சி என்றால் பஸ் ஏறிப்போய் நாள் முழுக்க நிற்பது எல்லாம் நம் தலையில்தான். அந்த 200 அதற்கான கூலி. எங்கே கேட்டாலும் ஒரே விலை சொல்லுங்கள். பேரம் பேசுகிறவருக்கு ஐம்பதைக் குறைக்க வேண்டுமானால் அதையும் முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நின்று தடுமாற வேண்டாம்.

விலையை இவ்வளவு வலியுறுத்துவதற்கு எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது நம் பை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலும், கள்ளக்குறிச்சியிலும் தலைமுறை தலைமுறையாக மரச்சிற்பம் செய்து அதிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கு வேறு வருமானம் இருக்கிறது என்பதால் ஒரு நாள் வேலையை நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தோமானால், அடுத்த கடையில் அதே பொருளை 800 சொல்கிற ஆசாரியைப் பார்த்து, "அந்தம்மா 300-க்குத் தர்றாங்களே" என்பார்கள். நம் பொழுதுபோக்கு அவர் அடுப்பை அணைக்கக் கூடாது. அதேபோல, நாம் செய்ததற்கு அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கவும் கூடாது. புவிசார் குறியீடு பெற்ற பெயர் அந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டப்படி உரியது. நம் பொருளுக்கு நம் குழுவின் பெயரே போதும்.

இப்போது மிஷினில் செதுக்கிய பொருள் கடைகளில் குவிந்து கிடக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் ஒரே மாதிரி நூறு செதுக்கித் தந்துவிடும். அதோடு விலையில் மல்லுக்கட்டி நம்மால் ஜெயிக்க முடியாது. குழந்தையின் பெயரைப் போட்டு, பிறந்த தேதியைப் போட்டு, வாங்குகிறவர் வீட்டு அளவுக்குச் செய்து கொடுப்பதில்தான் நம் பலம். உளித்தடம் லேசாகத் தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். கையால் செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்து மரம். இதில் பேர் கெட்டுப்போவது சுலபம். ஈரக்கட்டையில் செதுக்கினால் அன்றைக்கு உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். வாங்கியவர் வீட்டுக்குப் போன மூன்றாம் மாதம் வெடிக்கும். ஒரு அங்குலப் பலகை நன்றாகக் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. வெயிலில் போடாமல் நிழலில், காற்றோட்டமாக, இடையில் சிறு கட்டை கொடுத்து அடுக்குங்கள். கட்டை முனைகளில்தான் ஈரம் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசிவையுங்கள். வைரம் பாயாத வெளுத்த பகுதியில் பூச்சி சீக்கிரம் விழும், அதைக் கழித்துவிடுங்கள். மர அறுவை மில்லில் மா, வேம்பு, வாகைத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சந்தனம், செம்மரம் பக்கமே போக வேண்டாம். மரப்பாச்சி பொம்மையைச் செம்மரத்தில்தான் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வேறு மரத்தில் செய்து, வேறு மரம் என்றே சொல்லி விற்கலாம். வனத்துறை வழக்கு என்று வந்தால் பல்லாங்குழி விற்ற காசு வக்கீலுக்குப் பஸ் செலவுக்குக்கூட ஆகாது. கரண்டி, தட்டு மாதிரி சாப்பாடு படுகிற பொருளுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். உப்புத்தாள் போடும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

பொம்மை செய்கிற சகோதரிகள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆகிவிட்டது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அதனால் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கண்காட்சிகளில் கடை கேட்கும்போதும் அந்த அட்டை உதவும். ஜி.எஸ்.டி. என்று யாராவது பயமுறுத்தினால் பதற வேண்டாம். மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. அவ்வளவு விற்றால் நமக்கே ஒரு தீர்மானம் போட்டு மாலை போடலாம்.

கடைசியாக ஆர்டர் விஷயம். கல்யாண வீட்டிலிருந்து வருவார்கள். "தாம்பூலத்தோட குடுக்க அம்பது பல்லாங்குழி வேணும், ரெண்டு மாசத்துல வேணும்." கேட்டதும் மனசு துள்ளும். ஐம்பதை எட்டால் பெருக்குங்கள், 400 மணி நேரம். நாளைக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறவருக்கு 133 நாள், நாலரை மாதம். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றால் ராத்தூக்கம் போகும், கை வீங்கும், பிள்ளைகள் மீது எரிந்து விழுவோம், நிம்மதிக்குச் செய்த வேலை நிம்மதியைத் தின்றுவிடும். முடியாது என்று சொல்வதும் வியாபாரம்தான். இல்லையென்றால் கூட்டமைப்புக்குக் கொண்டுவாருங்கள், நான்கைந்து பேருக்குப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிக்கும்போது ஒரு மாதிரியும் அட்டையில் வெட்டிய அளவும் எல்லோரிடமும் இருக்க வேண்டும், குழி ஒன்று ஆழமாகவும் ஒன்று தட்டையாகவும் வந்தால் கல்யாண வீட்டில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கைக்கு வந்த பிறகே மரம் வாங்குங்கள்.

நவராத்திரிக்குக் கொலு சாமான் விற்க நினைப்பவர்கள் ஆடியிலேயே செதுக்கத் தொடங்கிவிடுங்கள், புரட்டாசியில் உளி எடுத்தால் தீபாவளிக்குத்தான் முடியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பொருளும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிய சீட்டும் கொண்டுவாருங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளை வைத்து எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விலை போடுவோம்.