மறைத்த தவறும் உரைத்த உண்மையும்



 

தவறாத மனிதன் இல்லை. தவறிய பின் அவன் உண்மையின் பக்கம் எப்போது திரும்புகிறான் என்பதே கேள்வி. ஊரறிந்த இருவரின் வரலாற்றைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

தென்னாபிரிக்க கிரிக்கட் அணியின் தலைவராக விளங்கியவர் ஹன்சி குரொன்யே. நேர்மையானவர், மதப்பற்றுள்ளவர் என நாடே அவரை நம்பியது. சூதாட்டத் தரகருடன் அவர் உரையாடிய ஒலிப்பதிவு தம்மிடமிருப்பதாக 2000 ஏப்ரல் 7ஆம் திகதி டில்லிப் பொலிஸார் அறிவித்தனர். அவர் அடியோடு மறுத்தார். அவரை நம்பியோர் அவருக்காக வாதாடினர். ஆனால் 11ஆம் திகதி அதிகாலையில், தான் முழு உண்மையையும் கூறவில்லை என அவரே ஒப்புக்கொண்டார். பணத்தின் மீதிருந்த ஆசையே தன்னை வீழ்த்தியதாகப் பின்னர் விசாரணை ஆணைக்குழு முன் கூறினார். அவர் ஆசைகாட்டிய சக வீரர்களில் இருவர் தடைக்குள்ளாயினர். அவருக்கு ஆயுட்காலத் தடை கிடைத்தது. 2002 ஜூன் 1ஆம் திகதி, தனது 32ஆவது வயதில் விமான விபத்தில் அவர் மரணித்தார். ஒருவரின் இரகசியம் அவரோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மற்றவர் கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள். மதீனாவின் புகழ்பெற்ற கவிஞர். அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் தக்க காரணமின்றிப் பின்தங்கினார். நபி (ஸல்) அவர்கள் திரும்பியபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குப்போக்குக் கூறித் தப்பிக்கொண்டனர். கஅப் (ரழி) அவர்களின் உள்ளத்திலும் பொய் சொல்லும் எண்ணம் எழாமலில்லை. எனினும், தனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்று உண்மையையே உரைத்தார். ஐம்பது நாட்கள் ஊரார் அவருடன் பேசவில்லை. அவ்வேளை கஸ்ஸான் மன்னன் கடிதம் அனுப்பித் தன்னிடம் வருமாறு அழைத்தான். அக்கடிதத்தை அவர் அடுப்பிலிட்டு எரித்தார். ஈற்றில் அல்லாஹ் அவரது தௌபாவை ஏற்றுக்கொண்டான்.

இளைஞர்களே! எவருக்கும் தெரியாத கடன், மறைவில் தொடங்கிய போதைப் பழக்கம், தொலைபேசியில் ஒளித்து வைத்த தொடர்பு என எதுவாயினும், அதனை மூட இன்னொரு பொய்யைத் தேடாதீர்கள். பாவங்களை ஊரெல்லாம் பறைசாற்றும்படி மார்க்கம் கூறவில்லை. அல்லாஹ்விடம் மீளுங்கள். உங்களால் பாதிக்கப்பட்டவரிடமும், உங்களுக்கு உதவக்கூடிய பெற்றோரிடமும் உண்மையைக் கூறுங்கள்.

பெற்றோர்களே! கஅப் (ரழி) உண்மை பேசினார் என்பதை நபி (ஸல்) அவர்கள் முதலில் ஏற்றுக்கொண்டார்கள். அதேவேளை அவரது தவறைத் தவறில்லை என்றும் கூறவில்லை. மன்னிப்பு இறங்கியதும் தல்ஹா (ரழி) அவர்கள் எழுந்தோடி வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். உங்கள் பிள்ளை நடுங்கும் குரலில் உண்மையைச் சொல்லும் நாளில் முதலில் செவிசாயுங்கள். கண்டிப்பதைப் பிறகு செய்யலாம். திருந்திய பின் பழையதைச் சொல்லிக் காட்டாதீர்கள். உண்மை சொன்னதற்காக அடிவாங்கிய பிள்ளை, அடுத்த முறை பொய்யைத்தான் தேடும்.

உண்மையாளர்களுடன் வாழ்ந்து, உண்மையாளர்களாகவே மரணிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.