கதியாலும் கிடுகும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே மதில்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் வேலியடைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. கிளுவைக் கதியால்கள் வேரூன்றித் தழைத்து நிற்கும். அவற்றோடு சேர்த்துக் கட்டிய கிடுகுகளோ வெயிலிலும் மழையிலும் உக்கிப்போகும். காலந்தோறும் அவற்றை மாற்றிக் கட்டியே ஆகவேண்டும். நிலைப்பது எது, மாற்றவேண்டியது எது என்று அறிந்தவனுக்கு வேலி ஒரு பாரமன்று. இணையச் செயலிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நேயர்களே, வடமராட்சியிலே ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் கடன் கணக்குகளை இணையச் செயலி ஒன்றிலே பேண முற்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். எழுதுவினைஞர் திரையிலே காணும் படிவம், பொத்தான், அட்டவணை ஆகியவற்றைப் பயனர் இடைமுகம் என்பர். அவற்றை ஒவ்வொன்றாய்ச் செதுக்காது, ஆயத்தமான உறுப்புகளைக் கொண்டு அமைக்க உதவுவதே சட்டகம். பேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட், 2014இல் வந்த வியூ, கூகிளின் ஆங்குலர் என்பன பெயர்பெற்ற சட்டகங்கள். இவற்றுள் எதனைத் தேர்வது?

புதுமை ஒன்றையே நோக்கித் தேர்வது தகாது. கூகிள் 2010இல் வெளியிட்ட ஆங்குலர் ஜேஎஸ் என்னும் சட்டகத்தை நம்பி வணிகச் செயலிகள் பல எழுந்தன. 2016இல் வந்த அடுத்த பதிப்போ முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பழைய நிரல்கள் அதில் அப்படியே இயங்கவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு பழையதன் பராமரிப்பும் நின்றது. செயலிகள் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால், பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால் கூகிளிடமிருந்து திருத்தம் வராது என்ற நிலை உண்டாயிற்று. வியூவின் இரண்டாம் பதிப்புக்கும் 2023இன் இறுதியிலே அதே முடிவு நேர்ந்தது.

சட்டகம் தனித்து வருவதுமில்லை. பிறர் எழுதிய நிரல்கள் பலவற்றையும் உடன் கொணரும். 2016 மார்ச்சிலே, 11 வரிகளே கொண்ட ‘லெஃப்ட்பேட்’ என்னும் நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்றும் நீக்கினார். அதனால் உலகெங்கும் பலருடைய மென்பொருள் வேலை சிறிது நேரம் தடைப்பட்டது.

அங்ஙனமாயின், கதியால் எது? வட்டி கணக்கிடும் விதி, உறுப்பினர் பேரேடு, கடன் வரம்பு என்பனவே. அவற்றைத் திரை நிரலோடு பிணைக்காது சேவையகத்திலே தனியே வைத்தல் வேண்டும். அப்பொழுது சட்டகம் மாறினும் கணக்கு மாறாது. இணையத்தின் அடிப்படை மொழியாகிய எச்டிஎம்எல்லும் அத்தகையதே. சேர்ன் ஆய்வுகூடத்தில் உருவான முதல் இணையத்தளத்தின் பிரதி இன்றைய உலாவியிலும் திறக்கின்றது.

மற்றுமொன்று. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் இலங்கையின் ஆட்சிமொழியாக்கியது. எனவே இந்நாட்டுச் செயலிகள் மும்மொழியிலும் பேசவேண்டியவை. ஆங்கிலத்தின் நாலெழுத்துச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானிலே ‘உறுதிப்படுத்துக’ என்ற சொல் அடங்காது. சட்டகத்தைத் தேருமுன் தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்த்தல் நன்று.

இறுதியாக, சங்கத்தார் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. செயலியை ஆக்கிய இளைஞன் நாளை கொழும்புக்கோ கனடாவுக்கோ சென்றுவிட்டால், அதனைத் திருத்த வல்லவர் ஊரிலே யார்? அதற்கு விடையுள்ள சட்டகமே நல்ல சட்டகம். வேலியடைப்புக்குப் பணம் ஒதுக்குவதுபோல, செயலியின் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குவது அவர்தம் கடன்.