உடன்பிறந்த காவல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்புத் திடலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் எவருமிலர். அதற்குத் தேவையும் எழவில்லை. தோல் கிழிந்த சிறிது நேரத்திற்குள் உள்ளிருந்து ஒரு படை எழுந்து தன் கடமையைச் செய்துவிடுகின்றது. நம்மோடு உடன்பிறந்த அப்படையைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த மெச்னிக்காவ் என்னும் ருசிய அறிஞர், வீட்டார் சர்க்கஸ் காணச் சென்றிருந்த வேளையில், நுண்ணோக்கியின் முன் தனித்து அமர்ந்திருந்தார். பளிங்கு போன்ற உடல் படைத்த நட்சத்திர மீன் குஞ்சினுள் உயிரணுக்கள் ஊர்வதைக் கண்ட அவர், ரோஜா முள்ளொன்றை எடுத்து அதன் உடலிற் செருகிவைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்து நின்றன! சர்க்கஸுக்குப் போகாமையால் இத்துணைப் பேறு பெற்றவர் வேறெவரும் இருப்பாரோ, அறியோம். 1908இல் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசையும் அவர் பகிர்ந்துகொண்டார்.

நம் உடலில் நிகழ்வதும் இதுவே. தோல் மதிலாகும், இரைப்பையின் அமிலம் அகழியாகும், கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமியின் சுவரை அரிக்கும் லைசோசைம் உண்டு. மதில் உடைந்தாலோ, அங்குள்ள காவல் அணுக்கள் செய்தி அனுப்புகின்றன. நுண்குழாய்கள் விரிகின்றன, ஆதலின் அவ்விடம் சிவந்து சுடுகின்றது. நீர் கசிந்து வீங்குகின்றது. வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரினூடே நுழைந்து வெளிவந்து, கிருமிகளை விழுங்கித் தாமும் மடிகின்றன. நாம் முகஞ்சுளிக்கும் சீழ் பெரும்பாலும் அவ்வீரர்களின் உடல்களே. இவ்வகை அணுக்களை எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி ஈன்று தருகின்றது.

பகைவனை இவை எங்ஙனம் அறிகின்றன? கிருமிகளின் மேலுறையில் நம் உடலில் இல்லாத சில அமைப்புகள் உள. அவற்றை உணரும் ஏற்பிகளை வெள்ளணுக்கள் தாங்கியுள்ளன. பழ ஈயிடம் 1996இல் ஹாஃப்மனும், எலியிடம் 1998இல் பாய்ட்லரும் கண்ட உண்மைகள் இதனைத் தெளிவாக்கின. 2011இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆயினும் இப்படை தளரும் இடமும் உண்டு. நெடுநாள் நீரிழிவில் பாதம் மரத்துப்போகின்றது. இரத்த ஓட்டம் குன்றுவதால் படை வந்துசேரும் வழி அடைபடுகின்றது. சர்க்கரை மிகுந்த குருதியில் வெள்ளணுக்களின் விழுங்கும் வலியும் குறைகின்றது. தில்லிக் குளிருக்குப் பழகாத நம் பெரியவர் ஒருவர், சென்ற தை மாதத்தில் ஹீட்டரின் அருகே காலை நீட்டி அமர்ந்திருந்தார். சுட்டது தெரியவில்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி நான்கு நாட்கள் சென்றபின், காலுறையின் கறையைக் கண்டு மருமகளே கேட்டார். இரண்டு விரல்களை அவர் இழந்தார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பெரியவரே இதனை இங்குக் கூறுமாறு நம்மைப் பணித்தார்.

இப்பொழுது நாள்தோறும் இரவில் அவர்தம் பேரன் டார்ச்சு விளக்கைப் பிடித்துத் தாத்தாவின் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்வையிடுகின்றான். நேற்றிரவு ஒன்றுமில்லையென்று நம்மிடம் சொல்லியிருக்கின்றான்.