சாக் அப்சார்பரும் சங்கரன்கோவில் சாலையும்



இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அங்கே ஓட்டிப் பார்க்க, என் காரில் திருகு வைத்த சாக் அப்சார்பர் மாட்டி நன்றாக இறுக்கினேன். வளைவில் வண்டி சாயவே இல்லை! அந்தப் பெருமையில் திருகைத் தளர்த்தாமலே அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

ராஜபாளையம் தாண்டி, ஒட்டுப்போட்ட சாலை, தூறல், ஒரு வளைவு. பின்சக்கரம் துள்ளி, வண்டி வழுக்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. “ஏல, இதுக்குத்தானா இன்ஜினியருக்குப் படிச்ச?” என்றார் அம்மா.

கேள்வி நியாயந்தானே? சாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே போய்வந்துதான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. துளையை ரொம்ப அடைத்துவிட்டால் அமுங்கிய ஸ்பிரிங் விரிய நேரம் போதாது. அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்காது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது? டிராக்கின் வழவழப்பில் இது தெரியவில்லை.

இப்போது முழு இறுக்கத்திலிருந்து எண்ணி, டிராக்குக்கு 4 ‘கிளிக்’, ஊருக்கு 12 எனத் தளர்த்துகிறேன். என் வண்டிக்கு இது, உங்களுடையதற்கு வேறாகும். இடம், வலம் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும், நோட்டிலும் எழுதிவையுங்கள்.

அம்மா இன்னும் பஸ்ஸில்தான் வருகிறார்.