அமேசான் காட்டில் ஓர் ஆசிரியை



பிரேசில் நாட்டில் வழங்குவது போர்த்துக்கீசிய மொழி. அம்மொழியில் 'கிரிலோ' என்றால் சுவர்க்கோழி. சங்கப் புலவர் 'சிள்வீடு' என்று குறித்ததும் இவ்வாறு இடைவிடாது இரையும் ஒரு பூச்சியையே. அந்தக் 'கிரிலோ'விலிருந்து 'கிரிலாஜெம்' என்றொரு சொல் பிறந்திருக்கிறது. போலிப் பத்திரம் காட்டிப் பொது நிலத்தைக் கவர்தல் என்பது அதன் பொருள். பூச்சிக்கும் பத்திரத்துக்கும் என்ன உறவு? புதிதாக எழுதிய பொய்ப் பத்திரத்தை மேசையின் இழுப்பறையில் வைத்து, உள்ளே சுவர்க்கோழிகளை விட்டு மூடிவிடுவார்களாம். சில வாரங்களில் தாள் மஞ்சளித்து, ஓரம் அரிக்கப்பட்டு, பாட்டன் காலத்து ஆவணம் போல் ஆகிவிடும். சொற்பிறப்பை அந்நாட்டார் இவ்வாறு கூறுவர்.

எழுத்தைத் தொழுகின்ற அவையில் இச்செய்தியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எழுத்து, ஏழையின் காலடியிலிருந்து நிலத்தை உருவிக்கொள்ளும் கருவியாகவும் ஆகும். அப்படி ஆன இடத்தில், அதே எழுத்தை ஏழையின் கையில் கொடுக்க முனைந்தவர் ஓர் ஆசிரியை. அவர் பெயர் அருட்சகோதரி டோரத்தி ஸ்டாங். உலகச் செய்தித்தாள்கள் அவரைக் காட்டைக் காத்தவர் என்று எழுதின. அது பொய்யன்று. ஆயினும் அந்தப் பட்டத்துக்குள் ஆசிரியை மறைந்துபோனார். அவர் வாழ்வில் வகுப்பறையை விட்டு வெளியேறிய நாள் ஒன்றுகூட இல்லை. வகுப்பறையின் சுவர்கள்தாம் மாறிக்கொண்டே இருந்தன.

அவர் பிறந்தது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில், 1931 ஜூன் 7 அன்று. ஒன்பது பிள்ளைகள் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம். 1948இல் நமூர் நோட்ரடாம் சகோதரியர் சபையில் சேர்ந்தார். அச்சபையை 1804இல் பிரான்சில் தொடங்கிய ஜூலி பிலியார், இருபது ஆண்டுகளுக்கு மேல் நடக்க இயலாது கிடந்தவர். படுக்கையில் இருந்தபடியே ஊர்ச் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டியவர். ஏழைகளுக்குக் கல்வி என்பது அச்சபையின் பிறப்புக் குணம். டோரத்தி இலினாய் மாநிலத்திலும், பின்னர் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். பீனிக்ஸில் வேலை தேடி வந்த மெக்சிகோ நாட்டுப் பண்ணைக் கூலிகளின் குடியிருப்புகளுக்குச் சென்று பழகினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பள்ளியே போகவேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும்.

1966இல் பிரேசிலின் வடகிழக்கே மரன்யோ மாநிலத்துக் கொரோவாத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அது எத்தகைய காலம்? இரண்டாண்டுகளுக்கு முன்புதான் இராணுவம் ஆட்சியைப் பறித்திருந்தது. 1963இல் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் முந்நூறு தொழிலாளர்க்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்டிக் காட்டிய பாவ்லோ ஃபிரெய்ரே, 1964இல் சிறைப்பட்டு, பின் நாடு துறந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அந்நாட்டில் 1985 வரை வாக்குரிமை இல்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்த்தால் விளங்கும். கூலிக்கு எழுத்துக் கற்பித்தல் வெறும் அறப்பணியன்று. அஃது ஒரு வாக்காளரைப் பிறப்பித்தல். ஆள்வோர் அஞ்சியதில் வியப்பில்லை.

அந்நாளில் சிற்றூர்தோறும் அடித்தளக் கிறித்தவக் குழுக்கள் தோன்றின. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் பெரிது என்ற ஊர்களில், மக்களே மரத்தடியில் கூடி விவிலியத்தை வாசித்து, தம் வாழ்வோடு ஒட்டிப் பேசினர். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிப்பார், ஏனையோர் பேசுவர். பண்ணையாருக்கு அடங்கியிருப்பது இறைவன் வகுத்த விதி என்று நம்பியிருந்தவர்கள், எகிப்தின் அடிமைகள் விடுதலை பெற்ற கதையை முதன்முறையாகத் தம் கதையாகக் கேட்டனர். டோரத்தியின் இரண்டாம் வகுப்பறை இதுதான்.

1970இல் இராணுவ அரசு அமேசான் காட்டைக் குறுக்கே பிளந்து டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலையைத் தொடங்கியது. நிலமற்ற வடகிழக்கு மக்களுக்கு அங்கே நிலம் உண்டு என்று பறைசாற்றியது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் போனார்கள். அவர் கற்பித்த குடும்பங்களும் போயின. அவரும் பின்தொடர்ந்து பாரா மாநிலத்துக்குப் போனார். 1982இல் அனாப்பு என்னுமிடத்தில் தங்கினார். அப்போது அது முறையான நகராட்சிகூட இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரியும் மண்பாதைகள், மழைக்காலத்தில் சேறு, மலேரியா, ஆங்காங்கே ஒரு குடிசை. அரசு வாக்களித்த பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்று கேட்க ஆளில்லை. டோரத்தி கிளைப்பாதைகளில் பள்ளிகள் தோன்றத் துணைநின்றார். அவற்றுக்கு ஆசிரியர் வேண்டுமே? நெடுஞ்சாலையில் அமைந்த முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உருவாகவும் உதவினார். வெளியூர் ஆசிரியர் வந்து நிலைக்க மாட்டார். உழவரின் மக்களே ஆசிரியராக வேண்டும் என்னும் இந்தக் கணக்கு எளியது. ஆயினும் எத்தனை அரசுகளுக்கு அது தோன்றுகிறது?

இனி நிலத்தின் கதை. குடியேறியவர் காட்டைத் திருத்திப் பயிரிட்ட பின், பட்டா தம்மிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மாட்டுப்பண்ணைக்காரரும் மரவணிகரும் வந்தனர். காட்டியவற்றில் பல, முன்சொன்ன சுவர்க்கோழிக் குலத்து ஆவணங்கள். குடிசைகள் எரிந்தன. அங்கேதான் டோரத்தியின் மூன்றாம் வகுப்பறை திறந்தது. சட்டத்தை வாசித்தார், வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். எந்த நிலம் அரசினுடையது, எந்தக் குத்தகை காலாவதியானது, முறையீட்டை யாருக்கு எழுதுவது, நகலை எங்கே வைப்பது என்பனவே பாடம். அவர் துணிப்பையில் விவிலியத்தோடு நில வரைபடமும் இருக்கும். நிலச் சீர்திருத்தத் துறையோடு போராடி, நீடித்த வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் குடியிருப்புகளைப் பெற்றுத் தந்தார். அவற்றுள் ஒன்றன் பெயர் எஸ்பெரான்சா, அதாவது நம்பிக்கை. நிலத்தில் 20 விழுக்காட்டைப் பயிரிடலாம். 80 விழுக்காடு காடாகவே நிற்க வேண்டும் என்பது விதி. மாடு மேய்ப்பவர்க்கும் மரம் அறுப்பவர்க்கும் அந்த 80 விழுக்காடு கண்ணை உறுத்தியது.

குடியேறியவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று அவர்மேல் புகார்கள் வந்தன. கொலை மிரட்டலும் வந்தது. நாட்டைவிட்டு அவர் போயிருக்கலாம். பிறந்த மண் அமெரிக்கா, உறவினர் அங்கே. ஆனால் பிரேசில் குடியுரிமை பெற்றவராய், 73 வயதில், சேற்றுப்பாதையில் நடந்துகொண்டிருந்தார். 2005 பிப்ரவரித் தொடக்கத்தில் மத்திய அரசின் மனித உரிமைப் பொறுப்பாளரைச் சந்தித்து, உழவர்க்கு உள்ள ஆபத்தை எடுத்துரைத்தார்.

பிப்ரவரி 12, சனிக்கிழமைக் காலை. எஸ்பெரான்சாவில் ஒரு கூட்டத்துக்காக நடந்து சென்றவரை இருவர் வழிமறித்தனர். ஆயுதம் உண்டா என்று கேட்டனர். அவர் பையிலிருந்து விவிலியத்தை எடுத்து, தம் ஆயுதம் இதுதான் என்று காட்டினார். திறந்து மலைப்பொழிவின் பேறுபெற்றோர் பகுதியை அவர்களுக்கு வாசித்தார். வழக்கு மன்றத்தில் வெளிப்பட்ட செய்தி இது. கனிவுடையோர்க்கு நிலம் உரிமையாகும் என்னும் பொருள்பட ஓர் அடி அப்பகுதியில் வருகிறது. அதுவும் ஒருவகையில் நிலம் பற்றிய ஆவணமே. வாசிப்பு முடிந்ததும் ஆறு குண்டுகள். உடல் மணிக்கணக்கில் மழையில் கிடந்தது. கொலைக்குப் பேசிய விலை 50,000 ரெயால்.

அவர் கடைசியாகச் செய்ததும் ஒரு பாடத்தை உரக்க வாசித்ததுதான். கேட்ட மாணாக்கர் இருவரும் கூலிகள், நிலமற்றவர்கள். பிறர் பணத்தில் பிறர் பகையைச் சுமந்து வந்த ஏழைகள். அவர் முப்பத்தொன்பது ஆண்டுகள் எவருக்காக அந்நாட்டில் பாடுபட்டாரோ, அவர்களுள் இருவர்தாம் அவரைச் சுட்டவர்கள். இதைச் சொல்லாமல் அவர் சாவைப் போற்றுவது பாதி உண்மையே ஆகும்.

அனாப்பில் அவரை அடக்கம் செய்தபோது, புதைக்கவில்லை, நடுகிறோம் என்று மக்கள் கூறினர். பிப்ரவரி 17 அன்றே பிரேசில் அரசு அதே மாநிலத்தில் 33 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை 'தெரா டோ மெயோ' காப்பகமாக அறிவித்தது. உயிரோடிருந்து எழுதிய மனுக்களுக்கு ஆண்டுக்கணக்கில் விடையில்லை. இறந்த ஐந்தாம் நாளில் இவ்வளவு பெரிய ஆணை.

சுட்டவர்கள் அவ்வாண்டு டிசம்பரிலேயே தண்டிக்கப்பட்டனர். ஏவியவர் கதை வேறு. ஒரு பண்ணையார்க்கு 2007இல் 30 ஆண்டுச் சிறை. இருபதாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்கு மறுவிசாரணை உண்டு என்ற அந்நாளைய விதியால் 2008இல் விடுதலை. அது நீக்கப்பட்டு 2010இல் மீண்டும் 30 ஆண்டு. 2013இல் உச்சநீதிமன்றம் அதையும் நீக்கியது. அவ்வாண்டே மறுபடி 30 ஆண்டு. இன்னொரு பண்ணையார் 2010இல் தண்டனை பெற்றும் மேல்முறையீடுகளின் நிழலில் பல்லாண்டு வெளியே இருந்து, 2019இல் சிறை சேர்ந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பரிசு 2008இல் டோரத்திக்கு அளிக்கப்பட்டது.

அனாப்பு வட்டாரத்தில் நிலத்துக்காகக் கொலைகள் அவருக்குப் பின்னும் நின்றபாடில்லை. உழவர்கள் ஆண்டுதோறும் ஜூலையில், அவர் விழுந்த இடம்நோக்கிக் காட்டுவழியே திருநடைப்பயணம் போகிறார்கள். குருதி தோய்ந்த அந்த மண்ணில் ஒரு பிடி, 2025 ஜனவரியில் உரோமை நகரின் புனித பர்த்தலமேயு ஆலயத்தில், இக்காலச் சான்றாளர் நினைவுப் பொருள்களோடு வைக்கப்பட்டது.