மொழியும் கணிதமும்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணியை நாடும் பிள்ளை சில மாதங்களில் ஒரு கணிப்பொறி மொழியைக் கற்றுவிடலாம். அவ்வாறிருக்க, கணிதத்தில் ஆண்டுகளைச் செலவிடுவானேன் என்பதே அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் மொழியறிவைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் மொழி வேறு. அதில் சொல்ல வேண்டிய பொருள் வேறு.

அகர வரிசையில் இலட்சம் பெயர்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால் இலட்சம் முறை பார்க்க நேரலாம். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதையும் அவ்வாறே பாதியாக்கிச் சென்றால் 17 முறைக்குள் விடை கிட்டும். பெயர்கள் இரண்டு இலட்சமானாலும் ஒரு முறையே கூடும். அல்காரிதம் எனப்படும் படிமுறையின் பயன் இது. எம்மொழியில் எழுதினும் இக்கணக்கு மாறாது.

கணிதம் எங்ஙனம் நிலைத்துப் பயன் தரும் என்பதற்கு நம் நகரிலேயே சான்று உண்டு. 1931-இல் மகலனோபிஸ் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950-களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஒரு மின்கணிப்பொறி வந்தது. அப்பொறி இன்று வழக்கில் இல்லை. ஆனால், அதற்கும் முன்பே அங்குப் பணியாற்றிய ராஜ் சந்திர போஸ், வயற்சோதனைகளை வகுப்பதற்கு முடிவுறு புலங்கள் என்னும் கணிதப் பகுதியைக் கையாண்டார். 1960-இல் அமெரிக்காவில் அவரும் அவருடைய மாணவர் ராய் சௌதுரியும் அதே கணிதத்தைக் கொண்டு, செய்தியில் நேரும் பிழைகளைக் கண்டு திருத்தும் குறிமுறைகளை அமைத்தனர். கடையில் பணம் செலுத்த நாம் காட்டும் கட்டக் குறி சற்றே கிழிந்திருந்தும் படிக்கப்படுவது அந்த இனத்தைச் சேர்ந்த குறிமுறையால்தான். வயலில் பயன்பட்ட கணிதம் கடைவீதிக்கு வந்துவிட்டது!

எளிய நிரல்கள் எழுத இத்துணைக் கணிதம் வேண்டா என்பது உண்மையே. ஆயின் அத்தகைய நிரல்களை இன்று பொறிகளே எழுதத் தொடங்கிவிட்டன. அவை எழுதியது சரியா, பெருந்தொகையான தரவுக்கும் தாங்குமா என்று ஆராய்பவருக்கே இனி மதிப்பு மிகும். ஆகவே, நம் பிள்ளைகள் ஒரு கணிப்பொறி மொழியைக் கற்கட்டும். அதனோடு தருக்கம், நிகழ்தகவு, இயற்கணிதம், படிமுறை ஆகியவற்றையும் பொறுமையாகப் பயிலட்டும். கற்ற மொழி பழமையடையும் நாளில், புதிய மொழியை விரைவில் கைக்கொள்ள அக்கல்வியே துணை நிற்கும்.