வீட்டு மெயின் போர்டை எப்போது மாற்றுவது?

(வானொலியில் விவசாயிகளுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

உரத்தையும் விதையையும் பற்றிப் பேசுகிறவன் இன்றைக்கு ஃபியூஸ் கட்டையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். "சார், கறவை மாடு நாலு நாளா தொட்டியில வாய் வைக்க மாட்டேங்குது. வாளியில மொண்டு வச்சா குடிக்குது. தொட்டிகிட்ட போனா துள்ளிப் பின்வாங்குது" என்றார். நான் தீவனத்தைப் பற்றிக் கேட்டேன். தவிடு புளித்திருக்கிறதா, தொட்டியில் பாசி இருக்கிறதா என்று கேட்டேன். தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் நல்ல மழை. மழை விட்ட காலையில் அந்த மாடு தொட்டிக்குப் பக்கத்து இரும்புத் தூணை ஒட்டிச் செத்துக் கிடந்தது. வீட்டிலிருந்து கொட்டகை விளக்குக்கு இழுத்த வயர் தூணில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்துபோயிருந்தது. பால் செம்போடு வந்த வீட்டுக்கார அம்மா மாட்டைத் தொடப் போயிருக்கிறார். மகன் "தொடாதம்மா" என்று கத்திவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தார்.

மாடு முன்னாலேயே சொல்லிவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. நாம் செருப்புப் போட்டு நிற்கிறோம். மாடு ஈரத் தரையில் நாலு காலும் ஊன்றி நிற்கிறது. நமக்குத் தெரியாத சிறு கசிவுகூட அதற்குச் சுருக்கென்று தெரியும். தொட்டிக்கு வர மறுக்கிற மாட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, கொட்டகைக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்றுதான்.

அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: "ஃபியூஸ் ஏன் போகலை?" இதற்குப் பதில் தெரிந்தால்தான் போர்டை எப்போது மாற்றுவது என்பதும் புரியும்.

ஏரிக்குக் கலிங்கு எதற்கு? கரை தாங்குகிற அளவுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்கு. ஃபியூஸும் அப்படித்தான். சுவருக்குள் ஓடுகிற வயர் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்ட் போனால், வயர் சூடேறிப் பற்றுவதற்கு முன் ஃபியூஸ் கம்பி உருகி வழியை அடைத்துவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று வயரைச் சீவி நாலைந்து செப்பு இழைகளை முறுக்கிப் போடுகிறார்களே, அது கலிங்கின் மேல் கல் அடுக்குகிற வேலை. ஏரி பெரிதாகாது, கரைதான் உடையும்.

ஆனால் சரியான கம்பியே போட்டிருந்தாலும் அந்தத் தூணில் கசிந்த கரண்டுக்கு ஃபியூஸ் போயிருக்காது. தூண் வழியாக மண்ணுக்குள் இறங்கியது சில ஆம்பியர்தான். அது ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்ட் அளவு. ஃபியூஸுக்கு அது சாதாரண வேலை. ஒரு மாட்டையோ மனிதரையோ கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஃபியூஸ் காப்பது வயரை, உயிரை அல்ல. புதிதாக வந்திருக்கிற எம்.சி.பி. சுவிட்சும் அதே ரகம்தான். பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். கடையிலும் வயர்மேன் வாயிலும் அதை இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். வழியில் எங்காவது மண்ணுக்கோ மனித உடம்புக்கோ பிரிந்து போனால், கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். வீட்டுக்கு வாங்குவது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். 100, 300 என்று போட்டவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற உதவாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியையும் பிடித்துவிட்டால் இதற்கும் தெரியாது.

சரி, போர்டை எப்போது மாற்றுவது?

உங்கள் வீட்டுக்கு லைன் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. அதற்குத் தகுந்தாற்போல் மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் 15 ஆம்பியர் இரும்பு மெயின் சுவிட்சும் வைத்து, 3/22 வயர் இழுத்தார்கள். அந்த வயரின் கனம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். சில வீடுகளில் அதுவும் அலுமினியம். பிறகு 2006-ல் இலவசக் கலர் டி.வி. வந்தது. 2011-லிருந்து மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. ஃபிரிட்ஜ், தண்ணீர் ஏற்ற ஒரு குதிரைத்திறன் மோட்டார், கரண்ட் அடுப்பு என்று நாமும் வாங்கினோம். போர்டு மட்டும் அதே போர்டு.

காலை ஏழு மணிக்குக் கணக்குப் போடுங்கள். மோட்டார் சுமார் 1000 வாட், கரண்ட் அடுப்பு 2000, மிக்ஸி 750, ஃபிரிட்ஜ் 150, மூன்று ஃபேன் 225. மொத்தம் 4125 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 18 ஆம்பியர். மெயின் சுவிட்சோ 15. மோட்டார் கிளம்புகிற விநாடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அது தனி. உங்கள் வீட்டுப் பொருள்களின் பின்புறத் தகட்டில் வாட் போட்டிருக்கும். பிள்ளைகளை விட்டுக் கூட்டச் சொல்லுங்கள்.

கணக்கு வேண்டாம் என்றால் கண்ணும் மூக்கும் போதும். ஃபியூஸ் கட்டை பழுப்பேறி இருக்கிறதா? மெயின் சுவிட்சுக்குள் 'உர்' என்று சத்தம் வருகிறதா? சுவிட்சு சூடாக இருக்கிறதா? கருகல் வாடை அடிக்கிறதா? பலகையில் கரையான் ஏறியிருக்கிறதா? வயர் தோலை வளைத்தால் பொடிகிறதா? கிரைண்டர் போட்டதும் விளக்கு மங்குகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். எல்லார் வீட்டிலும் மங்கினால் குறை லைனில். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் வயரிலோ இணைப்பிலோ. குழாயைத் திறக்கும்போதோ ஃபிரிட்ஜைத் தொடும்போதோ விர்ரென்றால், இனி யோசிக்கவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய போர்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் வைத்திருப்பார்கள். அது போனால் விளக்கு அணையும், கம்பியில் கரண்ட் நிற்கும். "லைட்தான் எரியலையே" என்று பல்பு மாட்டக் கை வைத்தால் அடிக்கும். இரண்டு ஃபியூஸ் கட்டை உள்ள போர்டு உங்கள் வீட்டில் இருந்தால் மாற்றும் வேளை எப்போதோ வந்துவிட்டது.

மாற்றும்போது எதை முதலில் செய்வது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஃபியூஸ் போகிற தொல்லை தீர, 32 ஆம்பியர் எம்.சி.பி. வாங்கிப் பழைய வயரில் மாட்டிவிடுகிறார்கள். முறுக்கிய செப்புக் கம்பிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எம்.சி.பி.யின் அளவு வயரைப் பொறுத்தது. விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 அல்லது 10 ஆம்பியரும். மோட்டாருக்கும் கரண்ட் அடுப்புக்கும் தனித்தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியரும். ஏ.சி. அல்லது வெந்நீர் ஹீட்டர் வைப்பதாக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர். வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கொட்டகைக்குத் தனி வழி, தனி சுவிட்ச். வயரைத் தூணில் கட்டாமல் பிளாஸ்டிக் குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

கையில் பணம் குறைவு என்றால், என் யோசனை இது. முதலில் எர்த்து, அடுத்து ஆர்.சி.சி.பி., பிறகு வயர், கடைசியில் அழகான பெட்டி. எர்த்துக்குப் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கிக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த்துக் கம்பியைக் கட்டுவது பழைய வழக்கம். இப்போது குழாயெல்லாம் பி.வி.சி., அதில் கட்டியும் பயனில்லை. எர்த்து நன்றாக இருந்தால், ஃபிரிட்ஜிலோ மோட்டாரிலோ கசிவு ஏற்பட்டதுமே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழும். எர்த்து இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும்.

மாட்டிய பிறகு அடிக்கடி விழுகிறதே என்று சிலர் கழற்றிப்போடச் சொல்கிறார்கள். கழற்றாதீர்கள். எல்லாப் பொருள்களையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. எதையும் மாட்டாமலே விழுந்தால் வயரிங்கில் குறை, வயர்மேன் பார்க்க வேண்டும்.

வேலையைத் தகுதிச் சான்று உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பதும் சீலும் மின்வாரியத்துக்கு உரியவை, அதில் கை வைக்கக் கூடாது. வீட்டுச் சுமை கூடியிருந்தால் செக்‌ஷன் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துக் கூடுதல் லோடு வாங்கிக்கொள்ளுங்கள். பம்புசெட் சர்வீஸிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது. சுவர் ஊறிய பிறகு வயர் இழுப்பது சிரமம். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எந்த மாதம் அழுத்தினோம் என்பது மறந்துபோகும். அதனால் பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள்.